மூங்கிலிலிருந்து கூட்டத்துக்கு

வங்கியில் என் வேலைகளில் ஒன்று கையெழுத்துகளை ஒப்பிடுவது. கணினித் திரையில் மாதிரிக் கையெழுத்து, கையில் சலான். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவையா என்று சொல்லப் பெரும்பாலும் ஐந்து விநாடி போதும். சென்ற வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பென்ஷன் பணம் எடுக்க வந்தார். மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் போட்ட கையெழுத்து மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. வேறு சலான் கொடுத்தேன். மூன்று சலானில் மூன்று முறை போட்டார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. பெருவிரல் ரேகை வைத்துச் சாட்சிக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். "நாப்பது வருஷம் போர்டுல எழுதின கை தம்பி இது. என்னைக் கைநாட்டு வைக்கச் சொல்றீங்களா?" என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் கைநாட்டு வைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அவர் முகத்தில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. துக்கம் முழுவதும் அந்த மூன்று கோடுகளில் இருந்தது. சலான்களை நான் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஓவியத்தில் உணர்ச்சி எங்கே இருக்கிறது என்ற கேள்வி எனக்கு அதற்கு முன்பே இருந்தது. அன்றைக்குப் பிறகு அது புத்தகக் கேள்வியாக இல்லாமல் போயிற்று. உணர்ச்சியை முகத்தில் தேடும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. காலண்டர் படமும் சினிமாவின் அண்மைக் காட்சியும் சேர்ந்து வளர்த்த பழக்கம் அது. கண்ணீர் வடிந்தால் சோகம், புருவம் நெரிந்தால் கோபம். நம் பழைய இலக்கணமோ மெய்ப்பாடு என்றுதான் பெயர் வைத்தது. முகத்துக்கென்று தனிப் பெயர் வைக்கவில்லை. உள்ளே நிகழ்வது உடம்பு முழுவதிலும் புலப்படும் என்பது அதன் துணிபு. கையும் உடம்புதான். கை இழுத்த கோடும் ஒருவகையில் உடம்பின் நீட்சிதான்.

இந்தத் துணிபோடு நான் சில வருஷங்களாகப் பார்த்துவருவது கொரிய மை ஓவியர் லீ உங்நோவின் (1904–1989) படங்களை. பார்த்ததெல்லாம் அச்சுப் பிரதிகளில். சுவர் அகலப் படம் ஒன்றைக் கையகலப் பக்கத்தில் பார்ப்பதன் நஷ்டம் தெரிந்தேதான் எழுதுகிறேன். தம் கடைசிப் பத்து வருஷங்களில் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது மனிதக் கூட்டத்தை. கொரிய மொழியில் 'குன்ஸாங்' என்கிறார்கள். திரண்ட உருவங்கள் என்று பொருள். வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மையில் நூற்றுக்கணக்கான, சில படங்களில் ஆயிரத்தையும் தாண்டும் சின்னஞ்சிறு மனிதர்கள் ஓடுகிறார்கள், கை வீசுகிறார்கள், குதிக்கிறார்கள், ஒருவரையொருவர் பற்றிக்கொள்கிறார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை. ஆயினும் அந்தப் படங்களின் முன் அச்சமும் வெறியும் பெருமிதமும் தனித்தனியே உணரக் கிடைக்கின்றன. இது எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவர் கூட்டத்தை வரையும் முன் அறுபது வருஷம் மூங்கில் வரைந்தவர்.

*

கிழக்காசிய ஓவிய மை மரபாக ஒரு கட்டி. பைன் மரத்தையோ எண்ணெயையோ எரித்துப் படியும் கரியை விலங்குப் பசையோடு பிசைந்து அச்சில் இட்டுக் காயவைத்தது. ஓவியன் கல்லில் நீர் விட்டு அதை உரைக்க வேண்டும். நீரின் அளவே நிறத்தின் அளவு; கருமையிலிருந்து புகை போன்ற சாம்பல் வரை எல்லாம் ஒரே கட்டியிலிருந்து வருகிறது. கொரியக் காகிதமான ஹன்ஜி காகித மல்பெரி மரத்தின் உட்பட்டையிலிருந்து செய்யப்படுவது. நீண்ட நார் உள்ளது, மையைக் குடிக்கும். எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்பவன் பிடிக்காததைச் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். இங்கே அது நடக்காது. தூரிகை தயங்கினால் அந்தத் தயக்கம் கறையாகப் பரவும். விரைந்தால் மை வறண்டு கோட்டின் நடுவே காகிதத்தின் வெண்மை கீற்றுக் கீற்றாய்த் தெரியும். அழுத்தியது, எடுத்தது, திரும்பியது எல்லாம் நிகழ்ந்த வரிசையிலேயே அங்கே பதிந்து கிடக்கும். திருத்த முடியாத கோடு பொய் சொல்வது கடினம்.

ஆகவே இந்த மரபில் உணர்ச்சியை உணர்த்த மனித உருவம் அவசியமாக இருக்கவில்லை. கொரியாவின் மிகப் புகழ்பெற்ற மை ஓவியங்களில் ஒன்றான 'ஸேஹான்தோ'வில் மனிதரே இல்லை. அறிஞரும் எழுத்துக் கலைஞருமான கிம் ஜோங்-ஹுய், ஜெஜு தீவில் நாடுகடத்தப்பட்டிருந்தபோது 1844இல் வரைந்தது. வெறுமையான ஒரு வீடு, நான்கு மரங்கள், வறண்ட தூரிகை. அதிகாரம் போனவரை நண்பர்கள் மறந்துவிட்ட காலத்திலும் மொழிபெயர்ப்பாளரான அவர் சீடர் லீ ஸாங்-ஜோக் சீனாவிலிருந்து புத்தகங்களை வாங்கித் தீவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நன்றிக்காக வரைந்து கொடுத்த படம் அது. நன்றி, தனிமை, தம்மைக் கைவிட்டவர்கள்மேல் லேசான கசப்பு எல்லாம் அந்த வறண்ட கோடுகளில்தான் இருக்கின்றன. அதற்கும் முன் 1751இல், எழுபதைத் தாண்டிய ஜோங் ஸோன் மழைக்குப் பிந்திய இன்வாங் மலையை வரைந்தார். அவருடைய வாழ்நாள் நண்பர், கவிஞர் லீ பியோங்-யோன் அப்போது மரணப் படுக்கையில் இருந்தார். வெளிர் நிறப் பாறை மலையை அவர் கனத்த கறுப்பில் திரும்பத் திரும்பப் பூசியிருக்கிறார். நனைந்த கல்லின் நிறம் என்று ஒருவர் சொல்லலாம். துக்கம் என்று இன்னொருவர் சொன்னாலும் மறுக்க வழியில்லை.

இந்த மரபின் மேன்மை இது. அதன் வரம்பும் இதிலேயே இருக்கிறது. பைனிலும் மூங்கிலிலும் குடியேறிய உணர்ச்சிகள் ஒரு வர்க்கத்தின் உணர்ச்சிகள். படித்த, பதவி வகித்த, பதவி இழந்த கனவான்களின் நேர்மையும் தனிமையும். மூங்கில் வளையும், ஒடியாது. ஆகவே அது கனவானின் உருவம். சந்தையில் மீன் விற்பவளின் ஆத்திரத்துக்கோ, கூலிக்காரனின் களிப்புக்கோ மூங்கிலில் இடம் இல்லை. வகைப் படங்கள் அவர்களை வரைந்ததுண்டு. ஆனால் மைக் கோட்டின் உயர்ந்த சுயவெளிப்பாடு என்று கருதப்பட்ட இடத்தில் அவர்கள் இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் கொரிய மை ஓவியனுக்கு முன்னால் நின்ற கேள்வி என்று நான் கருதுவது இதைத்தான்: அந்தக் கோட்டின் நேர்மையை இழக்காமல் அதன் உரிமையாளரை மாற்ற முடியுமா?

*

லீ உங்நோ பிறந்தது சுங்சோங் மாநிலத்தில், ஹோங்ஸோங் பகுதியில். அவருக்கு ஆறு வயதில், 1910இல், ஜப்பான் கொரியாவை விழுங்கியது. இளம் வயதில் ஸியோல் சென்று கிம் கியூ-ஜின் என்ற பெயர்பெற்ற மூங்கில் ஓவியரிடம் சேர்ந்தார். காலனி அரசு நடத்திய ஜோஸோன் கலைக் கண்காட்சியில் 1924இல் அவருடைய மூங்கில் படம் தேர்வானது. வயிற்றுப்பாட்டுக்கு ஜோன்ஜூ நகரில் விளம்பரப் பலகை எழுதும் கடை. ஒரே தூரிகையால் காலையில் கடைப் பெயர்ப் பலகை, இரவில் கனவானின் மூங்கில். இந்த இரட்டை வாழ்வைச் சாதாரண விஷயமாகத் தள்ள முடியவில்லை. பலகை எழுதுபவன் தெருவில் போகிறவனுக்குத் தூரத்திலிருந்து தெரியும்படி எழுத வேண்டும். அந்தப் பாடம் கடைசிவரை அவரோடு வந்தது.

மூங்கில் கல்வி எப்படி நடக்கிறது என்பது இங்கே முக்கியம். தண்டின் ஒவ்வொரு கணுவிடைக்கும் ஒரே இழுப்பு. இலைக்கு ஓர் அழுத்தம், ஓர் எடுப்பு. இலைகளைக் கொத்தாக அடுக்குவதைச் சீன எழுத்துகளின் வடிவை வைத்தே சொல்லித் தருவார்கள். உச்சியில் சந்தித்து இருபுறமும் சரியும் இரண்டு இழுப்பு, நடுவே ஒன்று. அந்த நடு இழுப்பை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஏறத்தாழ 'மனிதன்' என்ற எழுத்து. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இரண்டே கோடுகள். கடைசிக் காலக் கூட்டத்தின் ஒவ்வொரு மனிதனும் இப்படித்தான் நிற்கிறான்: அகட்டிய இரு கால், ஒரு உடம்பு, வீசிய கை. மூங்கில் இலைக்குள் மனிதன் இருந்தான். அவனை வெளியே கொண்டுவர ஒரு வாழ்நாள் பிடித்தது.

1932இல் அந்தக் காலனிக் கண்காட்சி எழுத்துக்கலைப் பிரிவைக் கைவிட்டது. எழுத்தும் ஓவியமும் ஒரே தூரிகையின் வேலை என்ற ஆயிரம் வருஷ நம்பிக்கை ஓர் அலுவலக உத்தரவில் கலைந்தது. லீ 1930களின் நடுவில் ஜப்பான் சென்றார். அங்கே இயற்கைக் காட்சியும் மேற்கத்திய வரைமுறையும் கற்று, 1945இல் திரும்பினார். விடுதலை, பின் பிரிவினை, 1950 முதல் 1953 வரை போர். அவருடைய வளர்ப்பு மகன் அந்தப் போரில் வடக்கே போய்விட்டான். இந்த ஒரு தகவல் பின்னால் அவர் வாழ்வைப் புரட்டிப் போடப்போகிறது.

இக்காலத்துப் படங்களில்தான் முதல்முதலாகக் கூட்டம் வருகிறது. சந்தைக் கூட்டம், அகதிகளின் வரிசை, இடிந்த நகரைத் திரும்பக் கட்டும் கூலிகள், மதுக்கடை இரவு. கோடு அவசரமானது, குறிப்பெடுப்பது போன்றது. முகங்கள் கரைய ஆரம்பித்துவிட்டன. ஆயினும் இவை இன்னும் 'காட்சிகள்'. ஓவியர் வெளியே நின்று பார்க்கிறார். பரிவு இருக்கிறது. ஆனால் பரிவு என்பது கரையில் நிற்பவனுக்கு வாய்க்கும் உணர்ச்சி.

*

1958இல், ஐம்பத்து நான்கு வயதில், ஆசிரியப் பதவியும் பெயரும் இருந்த ஊரை விட்டு மேற்கு ஜெர்மனி சென்று, பின் பாரிஸில் குடியேறினார். ஐரோப்பா அப்போது உருவத்தைக் கைவிட்ட ஓவியத்தின் உச்சத்தில் இருந்தது. லீ பழைய பத்திரிகைத் தாள்களைக் கிழித்து, கசக்கி, ஒட்டி, மை பூசிப் படங்கள் செய்தார். 1962இல் ஃபாக்கெட்டி காட்சிக்கூடத்தில் அவற்றைக் காட்டினார். 1964இல் ஸெர்னூஷி அருங்காட்சியகத்தில் கிழக்கத்திய ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கி ஐரோப்பியருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு எழுத்துருக்களை உடைத்துச் செய்த அரூபப் படங்கள். கொரிய எழுத்தும் சீன எழுத்தும் தம் அர்த்தத்தை உதறிவிட்டு வெறும் எலும்புக்கூடாக நிற்கின்றன. சில இடங்களில் அந்த எலும்புக்கூடு கை கால் முளைத்து ஆட ஆரம்பிக்கிறது. இந்தக் கட்டத்தை மேற்கின் பாதிப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எழுத்தையும் ஓவியத்தையும் 1932இல் பிரித்த உத்தரவுக்கு முப்பது வருஷம் கழித்து எழுதிய பதிலாகவே இதை நான் பார்க்கிறேன்.

1967இல் கிழக்கு பெர்லின் வழக்கு வந்தது. ஐரோப்பாவில் வாழ்ந்த கொரிய மாணவர்களும் கலைஞர்களும் கிழக்கு பெர்லினின் வடகொரியத் தூதரகத்தோடு தொடர்பு வைத்து உளவு பார்த்தார்கள் என்று தென்கொரிய உளவுத்துறை அறிவித்தது. பலர் ஏமாற்றி வரவழைக்கப்பட்டோ கடத்தப்பட்டோ ஸியோலுக்குக் கொண்டுவரப்பட்டனர். இசைக் கலைஞர் யுன் இஸாங் அவர்களில் ஒருவர். கிழக்கு பெர்லின் போனால் வடக்கேயுள்ள மகனைப் பார்க்கலாம் என்று நம்பிப் போனது லீ உங்நோவின் குற்றம். ஸியோலிலேயே இருந்த கவிஞர் சோன் ஸாங்-பியோங்கும் இதே வழக்கில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். நண்பனிடம் குடிக்கக் காசு வாங்கியது அவர் செய்தது. 1971இல் அவர் காணாமல் போக, இறந்துவிட்டார் என்று நினைத்து நண்பர்கள் அவருடைய முதல் கவிதைத் தொகுதியை வெளியிட்டார்கள். கவிஞர் மனநல மருத்துவமனை ஒன்றில் உயிரோடு இருந்தார். 2006இல் தென்கொரிய உளவுத்துறையே அமைத்த ஆய்வுக் குழு அந்த வழக்கு ஊதிப் பெருக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டது.

லீ 1969 வரை சிறையில் இருந்தார். தேஜோன் நகரச் சிறையும் அவற்றில் ஒன்று. மையும் காகிதமும் இல்லாத இடத்தில் சோற்றுக்கு வந்த ஸோயா ஸாஸைத் தொட்டுக் கழிப்பறைத் தாளில் வரைந்தார். சோற்றில் மிச்சம் பிடித்துச் செய்தித்தாளோடு பிசைந்து சிற்பங்கள் செய்தார். சிறையில் செய்தவை முந்நூறு வரை இருக்கும் என்கிறார்கள். அறுபத்து மூன்று வயதுக்காரர், பசியுள்ள இடத்தில், சோற்றைக் கலைக்குக் கொடுத்திருக்கிறார். வீரத்தைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தொழில் பழக்கம் என்றே சொல்லத் தோன்றுகிறது. கை சும்மா இருக்கப் பழகவில்லை.

சிறை அவருக்கு வேறொன்றையும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். கைதிக்கு எண் உண்டு. முகம் ஒரு சலுகை. சந்தையையும் அகதிகளையும் வெளியே நின்று பார்த்தவர் முதல்முறையாக வரிசைக்குள் நின்றார். விடுதலையான வருஷமே, பாரிஸ் திரும்பும் முன், ஸுதோக்ஸா கோயிலுக்குக் கீழே உள்ள பழைய விடுதியின் பாறைகளில் எழுத்தும் உருவமும் பின்னிக் கிடக்கும் கோடுகளைச் செதுக்கிவிட்டுப் போனார். அந்தக் கோடுகளில் எது எழுத்து எது மனிதன் என்று பிரிக்க முடிவதில்லை.

*

1980 மே 18. ராணுவச் சட்டத்தை நாடு முழுவதும் விரித்த மறுநாள், குவாங்ஜூ நகரில் மாணவர் ஆர்ப்பாட்டத்தின்மீது பாராசூட் படை பாய்ந்தது. நகரம் எழுந்தது. சில நாட்கள் ராணுவம் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டு, மக்கள் தாமே நகரை நடத்தினார்கள். 27ஆம் தேதி விடியலில் டாங்கிகள் திரும்பி வந்தன. மாகாண அலுவலகத்தில் எஞ்சியிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். எழுபத்தாறு வயது லீ பாரிஸில் இருந்தார். செய்தியும் படமும்தான் அவருக்குக் கிடைத்தவை.

கூட்டப் படங்கள் இதையொட்டிப் பெருகின. இவற்றைப் பார்க்கிறவன் முதலில் கவனிக்க வேண்டியது அவற்றில் இல்லாதவற்றை. டாங்கி இல்லை. படைவீரன் இல்லை. பிணமும் ரத்தமும் இல்லை. கொடியோ கோஷம் எழுதிய துணியோ இல்லை. நகரத்தின் கட்டடம் ஒன்றுகூட இல்லை. தரைக்கோடு இல்லாததால் மேலே நிற்பவன் தூரத்தில் இருக்கிறானா, குதிக்கிறானா என்று தெரிவதில்லை. எதிரி யார் என்று படம் சொல்லவில்லை. இருப்பது உடல்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து இழுப்பு. எல்லாம் ஒரே குடும்பத்துக் கோடு. ஆயினும் இரண்டு உருவங்கள் ஒன்றாய் இல்லை. ஒருவன் முழங்கால் மடங்கி இருக்கிறது, ஒருவன் தோள் முந்திப் போகிறது, ஒருத்தி பின்னால் திரும்பிக் கை நீட்டுகிறாள்.

உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று இங்கே கேட்டால் இரண்டு இடங்களைச் சொல்லலாம். ஒன்று, கோட்டின் ஈரம். ஒரு மூலையில் மை நிறைந்த தூரிகை. உருவங்கள் தடித்து, ஒன்றோடொன்று கசிந்து ஒட்டிக்கொள்கின்றன. அங்கே கூட்டம் ஒரே உடம்பாகிவிடுகிறது. சற்றுத் தள்ளி மை தீர்ந்து கோடு வறள்கிறது. மனிதர்கள் பிரிகிறார்கள், மெலிகிறார்கள், ஓடுகிறார்கள். மீண்டும் தூரிகை மையில் தோய்கிறது. தோய்ப்புக்கும் தோய்ப்புக்கும் இடைப்பட்ட இந்தத் தாளம் ஓவியனின் மூச்சு. படத்தில் அது கூட்டத்தின் மூச்சாக மாறிவிடுகிறது. மற்றது, இடைவெளி. சில படங்களில் கூட்டத்தின் நடுவே வெறும் காகிதம் திறந்து கிடக்கிறது. சுற்றியிருப்பவர்கள் அதை நோக்கி ஓடுகிறார்களா, அதிலிருந்து சிதறுகிறார்களா என்று தீர்மானிக்க முடிவதில்லை. பழைய மரபில் காலி இடம் மூடுபனி, அமைதி. இங்கே அதே காலி இடம் அச்சம் தருகிறது.

ஐரோப்பியர்கள் இதே படங்களில் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்தைப் பார்த்தார்கள். குவாங்ஜூவை அறிந்தவர்கள் குவாங்ஜூவைப் பார்த்தார்கள். இரண்டு வாசிப்பையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்பது பதிவாகியிருக்கிறது. அரசியலை நழுவுகிறார் என்று இதைப் படிப்பது தவறு. மகனைப் பார்க்கப் போனதற்குச் சிறை கண்டவருக்கு நழுவிப் பயன் இல்லை. மூங்கில் ஓவியன் இந்த மூங்கில், அந்த மூங்கில் என்று வரைவதில்லை; மூங்கில் நிற்கும் விதத்தை வரைகிறான். அதே கல்வியோடு அவர் மனிதர் ஒன்றாய் எழும் விதத்தை வரைந்தார். குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்து பிறந்து, அந்த நாளுக்குள் அடைபடாமல் வெளியே வந்துவிட்ட படங்கள் அவை.

*

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டை குறுக்கே வரும். உருவமா உள்ளடக்கமா என்று நாம் பத்திரிகைகளில் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்ட அதே சண்டையைக் கொரியர்களும் போட்டார்கள். 1970களில் ஒற்றை நிற அரூப ஓவியர்கள் வெண்மையிலும் திரும்பத் திரும்பச் செய்யும் கைவினையிலும் தியானித்தார்கள். 1980களில் மக்கள் கலை இயக்கம் அவர்களைச் சர்வாதிகாரத்தின் காலத்து மௌனிகள் என்று தாக்கியது. அந்த இயக்கத்தின் பலம் மரச்செதுக்குப் படம். அதில் முன்னோடியான ஓ யுன் 1986இல் நாற்பது வயதில் இறந்தார். அவருடைய உழைப்பாளிகளுக்கு முகம் உண்டு. கத்தி செதுக்கிய கன்னமும் தாடையும் உண்டு. கத்திக்கு எதிர்ப்புத் தேவை. மரம் எதிர்க்கிறது, கோபம் பிறக்கிறது. தூரிகைக்குக் காகிதம் எதிர்ப்பே காட்டுவதில்லை. மை ஓவியன் கோபத்தைக் கருவியிடமிருந்து கடன் வாங்க முடியாது. ஓ யுனை வைத்து லீயையோ, லீயை வைத்து ஓ யுனையோ அளப்பது அதனால் பொருத்தமில்லை.

பொருத்தமான ஒப்பு இன்னொரு மை ஓவியர்: ஸோ ஸே-ஓக் (1929–2020). லீயைவிட ஒரு தலைமுறை இளையவர். 1960இல் ஸியோலில் 'மை வனம்' என்ற பொருள்படும் முங்நிம்ஹோ என்ற குழுவைத் தொடங்கி மை ஓவியத்தை அரூபத்துக்குக் கொண்டுபோனவர்களில் முதல்வர். நாற்பது வருஷம் ஸியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1970களிலிருந்து அவரும் 'மக்கள்' வரிசையை வரைந்தார். தலைக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு ஒரு பெரும் இழுப்பு. இருவர், மூவர், சிலபோது கை கோத்த ஒரு வரிசை. இவரிடம் ஒரு கோட்டின் நடுக்கமே தாயையும் பிள்ளையையும் சேர்த்துவிடுகிறது. காகிதத்தின் பெரும்பகுதி காலியாகவே நிற்கிறது. இருவருக்கும் முகம் வேண்டியிருக்கவில்லை. இருவருமே எழுத்துக்கும் உருவத்துக்கும் நடுவில் நின்றவர்கள். ஆனால் ஸோவின் மனிதன் கனவானின் மூங்கிலுக்கு நேர் வாரிசு. தனிமை கலையாதவன், கை கோத்திருக்கும்போதும் தியானத்தில் இருப்பவன். ஓவியமாக, கோடு கோடாகப் பார்த்தால், ஸோவின் ஒரு நல்ல கோட்டுக்குப் பக்கத்தில் லீயின் பல கோடுகள் கடைப்பலகைக் கோடுகள். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லீயின் எல்லாக் கூட்டமும் கூட்டம் அல்ல. நூற்றுக்கணக்கில் வரைந்தவற்றில் சில வெறும் வடிவ வரிசை. கை பழகிவிட்ட உருவங்கள் சமமான இடைவெளியில், சமமான கருமையில், புடவைக் கரை போல ஓடுகின்றன. அவற்றை எங்கே வெட்டினாலும் நஷ்டம் இல்லை. மை தீர்ந்து கோடு வறளும் அந்தத் தாளம் அங்கே இல்லை, மூச்சு இல்லை. உணர்ச்சி முகத்தில் இல்லை என்றால் போலி உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதும் கடினம் என்று சிலர் நினைக்கலாம். மாறாக, இங்கே அது உடனே தெரிந்துவிடுகிறது. பார்க்கிறவன் எண்ண ஆரம்பித்துவிடுகிறான். நல்ல படத்தில் எண்ணிக்கை மறந்துபோகிறது.

ஆயினும் எதை வைத்துக்கொள்வாய் என்று கேட்டால், ஸோவின் கோட்டை வியந்துவிட்டு, லீயின் நல்ல பத்துக் கூட்டங்களை எடுத்துக்கொள்வேன். கனவானுக்கென்று காத்துவைத்த கோட்டை அவர் தெருவுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவரும்போது அதன் நேர்மையைப் பெரும்பாலும் சிந்தாமல் கொண்டுவந்தார். கோடு ஒவ்வொன்றும் ஸோவுடையதைவிடக் குறைந்ததாக இருக்கலாம்; ஆயிரம் கோடு சேர்ந்து சொல்வதை அந்த ஒன்று சொல்லவில்லை.

*

1977இல் எழுந்த இன்னொரு அரசியல் சந்தேகத்துக்குப் பிறகு அவருடைய படங்கள் தென்கொரியாவில் பல வருஷம் காட்டப்படவில்லை. அவர் 1983இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 1987 ஜூனில் தெருவில் திரண்ட கூட்டம் நேரடித் தேர்தலை வென்றெடுத்தது. அவர் எட்டு வருஷமாக வரைந்துகொண்டிருந்தது அப்போது தெருவில் நடந்தது. அவர் அங்கே இல்லை. 1989 ஜனவரியில் ஸியோலின் ஹோ-ஆம் காட்சிக்கூடத்தில் அவருடைய பெருங்காட்சி ஏற்பாடானது. காட்சி நடந்துகொண்டிருந்த அந்த மாதத்திலேயே, 10ஆம் தேதி, பாரிஸில் இறந்தார். அங்கே பேர் லஷேஸ் கல்லறையில் புதைத்தார்கள். 2007இல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அது அமைந்தது அவரை அடைத்துவைத்த அதே தேஜோன் நகரத்தில். 2017இல் பாரிஸின் ஸெர்னூஷி அருங்காட்சியகம் நடத்திய காட்சிக்கு இட்ட பெயர் அவரைக் 'கூட்டங்களின் மனிதர்' என்றது.

அரசு ஒருவரைப் பற்றி வைத்திருக்கும் மாதிரிக் கையெழுத்தை எத்தனை வருஷம் கழித்து மாற்றிக்கொள்கிறது என்று இந்தத் தேதிகளைப் பார்க்கும்போது தோன்றும். அவர் கை மாறிக்கொண்டேதான் இருந்தது. மூங்கில், சந்தை, கிழிந்த தாள், எழுத்து, சோற்றுப் பருக்கை, கூட்டம். ஒவ்வொரு முறையும் முந்தைய மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று யாரோ திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த ஆசிரியர் இப்போது வங்கிக்கு வருவதில்லை. மகன் ஏடிஎம் அட்டையோடு வெளியே நின்று எடுத்துக்கொண்டு போகிறான். கை மாறிவிட்ட வாடிக்கையாளரிடம் புதுக் கையெழுத்தை வாங்கி மாதிரியாகப் பதிந்துகொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அன்றைக்கு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.